குளிக்காதவன்

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று முதல் சுடுவதுதான் எனக்கு வேலை. வடை இல்லை, துப்பாக்கி. இந்த ஜோக்கை எங்கூட்டுக்காரர் காலையிலிருந்து எங்கள் பேக்கரிக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டார். நானும் ஒரு தடவை எழுதிவிட்டேன். இனிமேல் யாராவது சொன்னால் சண்டைதான்.

விஷயம் இது. கிட்டுசாமி ஐயாவின் மேகவர்ணம் கம்பெனி முப்பது வருஷமாகத் தண்ணீர் மோட்டார் செய்கிறது. போன வருஷம் ஐயாவுக்கு என்ன தோன்றியதோ, லைசென்ஸ் வாங்கி பிஸ்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "ரெண்டும் இரும்புதானே அம்மிணி? ரெண்டும் பத்து வருசம் கெடாம ஓடோணும், அவ்வளவுதானே?" என்கிறார். வெளிமாநிலப் போலீஸ் ஒன்று வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பிஸ்டல் நெடுநாள் உழைக்குமா என்று சோதித்துக் காட்ட வேண்டும். சோதிக்கிற கை என்னுடையது. கிணத்துக்கடவு பக்கத்தில் கைவிட்ட கல்குவாரிதான் ரேஞ்ச், ஓரமாக ஒரு தகர ஷெட்.

பிஸ்டல் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் தோட்டா. ஒன்றைத் தினமும் சாயங்காலம் சுத்தம் செய்து எண்ணெய் போடலாம். மற்றதைக் கடைசிவரை துடைக்கவே கூடாது, எண்ணெய் கூடாது, துணி கூடாது. சுடும்போது சிக்கிக்கொண்டால் அதற்கு 'திக்கல்' என்று பெயர். ஐந்து திக்கல் வரை மன்னிப்பு. ஆறாவது திக்கினால் சோதனை தோல்வி.

தோற்றால் தீபாவளியோடு இந்த ஷெட்டை மூடிவிட்டு மோட்டாரையே பார்க்கப் போவதாக ஐயா சொல்லிவிட்டார். அப்படியானால் நானும் பேக்கரிக் கல்லாவையே பார்க்கப் போக வேண்டியதுதான். மாநிலப் போட்டியில் வாங்கிய நான்கு பதக்கங்கள் பன்னிரண்டு வருஷமாக முட்டை பப்ஸ் அலமாரிக்கு மேலே தொங்குகின்றன. அதற்குக் கீழே உட்கார்ந்து சில்லறை பொறுக்கினவள் நான். திரும்பப் போக மாட்டேன்.

பூஜை போட்டோம். நானே சந்தனம் குழைத்து இரண்டு பிஸ்டலுக்கும் பொட்டு வைத்தேன். மேல்பக்கம், சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே தெறிக்கிற சன்னல் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் கூட்டை இழுத்துப் போடுகிற குட்டிக் கொக்கி. பார்த்தால் அந்த இடம்தான் நெற்றி மாதிரி இருக்கிறது. அங்கேயே வைத்தேன், நடுவில் குங்குமம்.

வாங்கப்போகிற போலீஸ் அனுப்பிய இன்ஸ்பெக்டர் வர்கீஸ் சார் பாலக்காட்டுக்காரர். ஒவ்வொரு நாளும் கூடவே இருந்து பார்ப்பார். பொட்டைப் பார்த்ததும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "துடைக்கான் பாடில்லா. எண்ணெய் பாடில்லா. சந்தனத்தைப் பற்றி ஒண்ணும் இல்லல்லோ. மத காரியம், ஞான் ஒண்ணும் பறயில்லா" என்று மூடிவிட்டார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 6, சனி

ஒரு திக்கல். அந்தத் துடைக்காத பிஸ்டல்தான். காலிக்கூடு வெளியே வராமல் உள்ளேயே நின்றுகொண்டது. புது மாப்பிள்ளைக் கூச்சம் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பெயர் வைத்தாயிற்று. தினமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மினுக்குகிறவன் 'மாப்பிள்ளை'. மற்றவன் 'குளிக்காதவன்'. வர்கீஸ் சாருக்கே வாயில் வந்துவிட்டது. "சாந்தாமணி, குளிக்காதவனை எடுக்கூ" என்கிறார்.

ராக்கியண்ணனைத்தான் பார்க்கப் பாவமாக இருக்கிறது. முழுப் பெயர் ராக்கியப்பன். ராணுவத்தில் இருபத்துநாலு வருஷம் துப்பாக்கி துடைத்தவர். இங்கே மேகஸினில் தோட்டா நிரப்புவதும் சாயங்காலம் மாப்பிள்ளையைச் சுத்தம் செய்வதும் அவர் வேலை. மாப்பிள்ளைக்குப் பல்துலக்கும் பிரஷ்ஷை உள்ளே விட்டு, துணியால் வெளியே துடைத்து, என் பொட்டுக்கூட இல்லாமல் வழித்தெடுத்து, எண்ணெய் போட்டுப் படுக்க வைக்கிறார். பிறகு பக்கத்தில் கரி அப்பிக் கிடக்கும் குளிக்காதவனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"அம்மிணி, ஒரே ஒரு தடவை. மேலாப்புல."

"கூடாதுங்கண்ணா."

"ஊதிக்கூட விடக்கூடாதுங்களா?"

வர்கீஸ் சார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஊதான் பாடில்லா."

அண்ணன் போய் ஷெட்டின் சன்னல் கம்பிகளைத் துடைத்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, சந்தனம் குழைத்து, இருவருக்கும் புதுப் பொட்டு. மற்றபடி டக் டக் டக். ஒரு தொந்தரவும் இல்லை.

செப்டம்பர் 13, சனி

குளிக்காதவன் இரண்டாம் தடவை திக்கினான். நேற்று எவ்வளவு சமர்த்தாக இருந்தான்! பார்வை பட்டுவிட்டது. மோட்டார் கம்பெனியிலிருந்து நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்களே, அதில் அந்தக் கட்டை மீசைக்காரர் "நெம்ப நல்லா ஓடுதுங்களே" என்றார். அப்போதே நினைத்தேன்.

செப்டம்பர் 17, புதன்

மூன்று நாளாக அருமை. வெடி மருந்துக் கரி என் மூக்கு, காது, தாலிக்கொடி வரை அப்பியிருக்கிறது. வீட்டுக்குப் போனால் எங்கூட்டுக்காரர், "குளிக்காதவன் யாரு, பிஸ்டலா நீயா?" என்கிறார். அவர் மட்டும் என்னவாம், மைதா மாவில் புரண்ட ஆள். நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றால் ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை.

இன்றைக்கு அவர் கொடுத்தனுப்பிய பப்ஸில் வர்கீஸ் சார் மூன்று சாப்பிட்டார். நான் எத்தனை என்று எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 20, சனி

மூன்றாவது.

தோட்டாப் பெட்டியைப் பார்த்தேன், அதே தயாரிப்பு. மேகஸினை மாற்றிப் பார்த்தேன், அதிலும் குறையில்லை. என் பிடியில் கோளாறா என்று ராக்கியண்ணன் மெதுவாகக் கேட்டார், எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "என் பிடியைப் பத்தி மாநிலமே சொல்லுங்கண்ணா!" என்று கத்திவிட்டேன். பிறகு போய் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "சனிக்கிழமையானா இவனுக்கு என்னமோ ஆகுதுங்க" என்றார். சனி பிடித்தவனுக்கு வேறு எந்தக் கிழமையில் ஆகும்? அடுத்த வாரம் பொட்டை இன்னும் நன்றாக வைக்க வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

தாராளமாக வைத்தேன். ஒரு ரூபாய் அகலம்.

செப்டம்பர் 27, சனி

ஒரே நாளில் இரண்டு. மொத்தம் ஐந்து ஆகிவிட்டது.

கிட்டுசாமி ஐயா சேதி கேட்டு நேரிலேயே வந்தார். திட்டவில்லை. குவாரி விளிம்பில் நின்று கீழே தேங்கிய தண்ணீரைப் பார்த்து, "அஞ்சு எச்.பி. மோட்டார் ஒண்ணு போட்டா ரெண்டு நாளுல எறைச்சுப்போடலாம்" என்றார். அவர் மனசு மோட்டாருக்குத் திரும்பிவிட்டது.

இன்னும் எண்ணூறு தோட்டாவுக்கும் குறைவுதான் பாக்கி. ஒரு திக்கல் விழுந்தாலும் முடிந்தது.

பதற்றமெல்லாம் இல்லை. எங்கூட்டுக்காரர் கேட்டார், அவரிடமும் அதையேதான் சொன்னேன். பப்ஸ் தட்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. காலையிலிருந்து ஷெட்டைக் கழுவினோம். தராசு, திருப்புளி, காதுமூடி, இலக்கு மாட்டும் சட்டம், எல்லாவற்றுக்கும் குளியல். ராக்கியண்ணன் தன் சைக்கிளைக்கூட விடவில்லை. குளிக்காதவன் மட்டும் பெட்டிக்குள், பூட்டிக்கொண்டு.

பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று வர்கீஸ் சாரிடம், ஒன்று ஐயாவிடம். சார் வெள்ளி காலை வந்துவிடுவதாக மத்தியானமே பாலக்காட்டுக்குக் கிளம்பினார். போகும்போது பஸ்ஸின் சன்னலிலிருந்து, "பூஜைக்கு வெக்காம். பக்ஷே தொடான் பாடில்லா!" என்று கத்திக்கொண்டே போனார்.

அக்டோபர் 1, புதன்

பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய். ஐயா குடும்பத்தோடு வந்திருந்தார். எங்களுக்கு முன்பே வந்து, பெட்டியைத் திறந்து, இரண்டு பிஸ்டலையும் இலையில் வைத்துவிட்டிருந்தார். குளிக்காதவன் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கினான். பண்டிகை என்றால் யாருக்கும் ஒரு களை வந்துவிடுகிறது.

பொட்டு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நெற்றியில் வைக்காமல் யாரோ கைப்பிடியில் வைத்திருக்கிறார்கள். இடம் தெரியாத ஆள்.

அக்டோபர் 3, வெள்ளி

பூஜைப் பொட்டு இருப்பதால் இன்று புதுப் பொட்டு வைக்கவில்லை.

முதல் மேகஸினிலேயே ஒரு மாதிரி இருந்தது. நான்கு வாரமாக மணல் போட்டு அரைத்த மாதிரி இருந்த பிஸ்டல், இன்று வெண்ணெயில் விட்ட கத்தி போலப் போய் வந்தது. மூன்று நாள் ஓய்வு கிடைத்தால் மனுஷனுக்கே உடம்பு தேறுகிறது, இரும்புக்குத் தேறாதா.

ஐம்பது தோட்டா ஆனதும் குழல் சூடேறியது. மினுக்கைப் பூஜைக் களை என்று விட்டுவிட்ட வர்கீஸ் சார் இப்போது மூக்கைத் தூக்கி மோந்தார்.

"இவிடெ ஆரெங்கிலும் சிப்ஸ் வறுக்குன்னுண்டோ?"

எனக்கும் அடித்தது. நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற அதே வாசனை. சுத்தமான தேங்காய் எண்ணெய். என் கையிலிருந்துதான் வந்தது.

நான் ராக்கியண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"பக்கத்துக் குவாரில சமையலுங்க சார்" என்றார் அண்ணன், ஒரு நொடி தயங்காமல்.

"ஆமாங்க சார், அங்க எப்பவும் தேங்காயெண்ணெய்தான்" என்றேன் நான்.

பக்கத்துக் குவாரியில் ஆள் நடமாட்டமே இல்லாமல் ஐந்து வருஷம் ஆகிறது.

அக்டோபர் 4, சனி

சனிக்கிழமை! ஒரு திக்கல்கூட இல்லை. இருநூற்றுச் சொச்சமும் மழை போல.

ராக்கியண்ணன் இன்று ஓடி ஓடி எனக்கு டீ கொண்டுவந்தார். வழக்கமில்லாத வழக்கம். நான் அவருக்கு இரண்டு பப்ஸ் அதிகம் வைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை. இருபத்துநாலு வருஷப் பழக்கம், பாவம், எப்படியோ ஐயாவிடம் சாவி வாங்கி, கை சும்மா இருக்காமல் துடைத்துவிட்டார். எனக்காகத்தான் செய்திருப்பார். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஒரு நாள் சுட்டால் ஐயாயிரம். ஷெட் மூடாது. கல்லாவுக்குப் போக வேண்டாம்.

நல்ல செய்திதான். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ரேஞ்சுக்கு விடுமுறை. பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்தேன். ஒருவருக்கு மிச்சம் ஐம்பது ரூபாய் கொடுப்பதற்குப் பதில் ஐந்நூறு கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர், திருப்பிக் கொடுத்தார்.

எங்கூட்டுக்காரர் கடை மூடியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பன்னு வேகலைன்னா எனக்கு மேல பாத்தாவே தெரியும். என்ன ஆச்சு, சொல்லு."

சொன்னேன். "உங்க பிஸ்டலை வாங்கற போலீஸ்காரன் தினமும் துடைப்பானா?" என்று கேட்டார்.

"துடைப்பாங்கன்னு சொல்ல முடியாது. மழையில நிப்பாங்க, சேத்துல விழுவாங்க. அதுக்குத்தானே இந்தச் சோதனையே."

"ம்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் ஓவனைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். திட்டினாலாவது சண்டை போடலாம். இந்த மனுஷனோடு இதுதான் கஷ்டம்.

எவளோ ஒரு போலீஸ்காரி, என் வயசுக்காரியாகவே இருக்கலாம், இடுப்பிலிருந்து இவனை எடுத்து நீட்டுவாள். இவன் ஐயாயிரம் தோட்டா குளிக்காமல் ஓடியவன் என்று அவளிடம் சொல்லியிருப்பார்கள். நம்புவாள். நான் சொல்லித்தான் நம்புவாள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. துளியும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

காலை ராக்கியண்ணன் கடைசி மேகஸின்களை நிரப்பி அடுக்கினார். வர்கீஸ் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் குளிக்காதவனைக் கையில் எடுத்தேன். அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டேன்.

"சார், இவன் குளிச்சுட்டானுங்க."

"எந்தா?"

"பூஜைக்கு முன்னாடி யாரோ சுத்தம் பண்ணிட்டாங்க. அன்னிக்கு அடிச்சது சிப்ஸ் வாசனை இல்லைங்க சார்."

சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "ஆரு? ஆரு செய்தது?"

ராக்கியண்ணன் முகத்தை நான் பார்த்தேன். ராணுவத்தில் ஒரு கெட்ட பெயர் வாங்காமல் வந்தவர். இந்த வயசில் அவரை ஒருவர் நிற்க வைத்துக் கேள்வி கேட்பதா? என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"நான்தானுங்க சார்."

அதே நேரத்தில் பின்னாலிருந்து, "நானுங்க சார்" என்று இன்னொரு குரல்.

திரும்பினேன். அண்ணன் ராணுவ அட்டென்ஷனில், நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்.

"அண்ணா, நீங்க சும்மா இருங்க" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கம்மிணி. சார், இந்தப் புள்ளை பொய் சொல்லுது. வேலை போனா அதுக்கு மறுபடியும் பேக்கரிதானுங்க. அங்க உக்காந்தா அது மொகம் செத்துப்போயிருக்கும், நான் பாத்திருக்கறேன். நான்தான் தொடைச்சேன்."

"நீங்க எதுல தொடைச்சீங்க, சொல்லுங்க பாக்கலாம்?" என்று மடக்கினேன்.

"துணில."

"என்ன எண்ணெய்?"

"அது... நீங்க என்ன எண்ணெய் போட்டீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராக்கியண்ணன் செத்தாலும் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போட மாட்டார். அவருக்கும் அதே நேரத்தில் என் முகத்தைப் பார்த்து ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப நீங்க பண்ணலீங்களா?"

"நீங்களும் பண்ணலையா?"

நான்கு நாளாக நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன், அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்! வர்கீஸ் சார் தலையில் கைவைத்துக்கொண்டு, "என்டெ மாதாவே, குற்றவாளி இல்ல, பக்ஷே குற்றம் ஒத்துக்கொள்ளான் ரெண்டாள்" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். எனக்குச் சிரிப்புத்தான் முந்தியது.

அந்த நேரம் பார்த்து ஐயாவின் கார் வந்து நின்றது. கடைசி நாள் என்று ஒரு கூடை இனிப்போடு இறங்கினார். "என்ன, எல்லாரும் கல்யாண ஊட்டுல மாலையக் காணாத மாதிரி நிக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னோம்.

"அட, நான்தானே கழுவுனேன்!" என்றார் ஐயா, பெருமையாக.

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு ஒரு மிசினை என்ற கையாலேயே கழுவறது வழக்கம். கம்பெனி ஆரம்பிச்ச நாளுலேர்ந்து உட்டதில்லை. எது நெம்ப அழுக்கோ அது. இந்தத் தடவை பொட்டியைத் தொறந்து பாத்தேன், ஐயோ சாமி, இதை உட வேற அழுக்கு ஒலகத்துல உண்டா? மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, பொட்டு வெச்சேன். உள்ள ஒரு கொக்கி இருக்குதே, அதுக்கடியில கட்டி கட்டியா சந்தனம்! ஊசி போட்டு நோண்டி எடுத்தேன். துப்பாக்கிக்கு உள்ள எவன்டா சந்தனம் பூசுனது?"

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குறிப்பாக, என் நெற்றியை.

ராக்கியண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "வெள்ளிக்கெழமை ஈரமா வெப்பீங்க. சனிக்கெழமை காஞ்சு உதிரும். கூட்டை இழுக்கற கொக்கியில சந்தனம் அடைச்சா, கூடு எப்படிங்க வரும்?" அவர் குரலில் திட்டு இல்லை, அதிசயம்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஏன் ஆகவில்லை என்பதும் அவருக்கே புரிந்துவிட்டது. அவனைத்தான் அன்றன்றைக்கே பிரஷ் போட்டுத் துடைத்துவிடுகிறாரே.

ஐந்து திக்கலும் பிஸ்டலின் குற்றம் இல்லை. பக்தியின் குற்றம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐயா சொன்ன மாதிரி கட்டி கட்டியாகவெல்லாம் இருந்திருக்காது. நான் விரல் நுனியில்தான் வைப்பேன். அந்த ஒரு ரூபாய் அகலம் ஒரு வாரம் மட்டும்தான்.

வர்கீஸ் சார் சட்டம் தவற மாட்டார். "ஒண்ணும் செய்யான் பற்றில்லா. ஆத்யத்தில் இருந்து தொடங்ஙணும்" என்றார், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும். அதே குளிக்காதவன், இன்னொரு ஐயாயிரம். ஏற்கனவே உழைத்த பிஸ்டலையே சோதிப்பது இன்னும் கடினமான சோதனை என்பதால் அதற்கு அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஐயா கழுவின கழுவல்தான் கடைசி, இனி ஒருவர் தொடக்கூடாது.

ஐயா குவாரித் தண்ணீரை ஒரு பார்வை பார்த்தார். "சரி. கழுவுனவன் நான். தோட்டாச் செலவு என்னோட பொறுப்பு. ஆனா அம்மிணி, இதுலயும் தோத்துச்சுன்னா ஷெட்டை மூடிட்டு மோட்டாருக்கே போயிருவேன், பாத்துக்கோ."

பிறகு சார் விதிப் புத்தகத்தை எடுத்து, என் கண் முன்னாலேயே ஒரு வரி எழுதிச் சேர்த்தார். சந்தனம், குங்குமம், விபூதி, பூ, கூடாது.

அக்டோபர் 8, புதன்

ஒரு நாளைக்கு நானூற்றைம்பதுக்கு மேல். முன்பு சுட்டதைப் போல இரண்டு மடங்கு. மாப்பிள்ளை எப்போதோ தேறிவிட்டான், அலமாரியில் ஜம்மென்று படுத்திருக்கிறான். குளிக்காதவனும் நானும்தான் மாடு மாதிரி உழைக்கிறோம்.

ராக்கியண்ணன் இரண்டு நாளாகப் புலம்பல்: "தேங்காயெண்ணெய்ங்க! துப்பாக்கிக்கு! நான் இதை யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் சந்தனக் கிண்ணத்தைக் காணவில்லை. எல்லா இடமும் தேடினேன். ராக்கியண்ணன் தோட்டாப் பெட்டிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்.

"எழுந்திரிங்கண்ணா."

"கால் மரத்துப்போச்சுங்க."

அவனுக்கு வைக்க வேண்டியதையும் சேர்த்து என் நெற்றியிலேயே பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டேன். வர்கீஸ் சார் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார், பிறகு மூடிவிட்டார்.

அக்டோபர் 11, சனி

இல்லை! ஒன்றுகூட இல்லை! சனிக்கிழமை முழுக்க, காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கை வலி. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

திக்கினான்! தோட்டாவில் மருந்தே பற்றவில்லை, அடித்த தழும்பு மட்டும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திக்கியதால் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ராக்கியண்ணன் கைதட்டினார். "பாத்தீங்களா, சனிக்கெழமை இல்லீங்க!" வர்கீஸ் சார் ஒன்று என்று குறித்துக்கொண்டார். இன்னும் நான்குக்கு இடமிருக்கிறது.

கட்டைவிரலில் கொப்புளம். எங்கூட்டுக்காரர் வெண்ணெய் தடவிவிட்டார். பேக்கரிக்காரருக்கு எல்லாவற்றுக்கும் வெண்ணெய்தான் மருந்து.

அக்டோபர் 17, வெள்ளி

குளிக்காதவனைப் பார்க்கவே சகிக்கவில்லை. கரி, தூசி, குவாரி மண். பக்கத்தில் போனால் நாறுகிறான். ஆனாலும் அழைத்தால் வருகிறான்.

பதற்றமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

முடிந்தது.

கடைசி மேகஸினை நான் சுடும்போது ஐயா வந்து பின்னால் நின்றார். எங்கூட்டுக்காரரும் வந்திருந்தார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து சனிக்கிழமையில் கடையை விட்டு வெளியே வந்ததே இல்லை அவர். கடைசித் தோட்டாவின் கூடு துள்ளி வெளியே விழுந்தது. கொக்கி அழகாக இழுத்துப் போட்டது. வர்கீஸ் சார் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். "பாஸ்" என்றார். ஒரே வார்த்தை. பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொடி, பொடி" என்றார், கண்ணில் தூசியாம்.

ஐயா என் கொப்புளக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் "அம்மா" என்று கத்தியதும் விட்டுவிட்டார். "தீவாளி முடிஞ்சு செவ்வாக்கெழமை வந்துரு அம்மிணி. அடுத்து ஐம்பது பிஸ்டல் சோதிக்கோணும். மோட்டாரை என்ற மகன் பாத்துக்குவான்."

எங்கூட்டுக்காரர் ஒரு கேக் பெட்டியை நீட்டினார். கேக் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே என் நான்கு பதக்கங்கள், பப்ஸ் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, பட்டர் பேப்பரில் சுற்றி. "இங்கயே மாட்டிக்கோ. அங்க கல்லாவுக்கு வேற ஆள் போட்டாச்சு" என்றார். பெரிய பேச்செல்லாம் பேச மாட்டார். நான் ஒரு பதக்கத்தை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகுதான் நாங்கள் எல்லோரும் ராக்கியண்ணனைப் பார்த்தோம். அவர் வர்கீஸ் சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி பாடுண்டோங்க சார்?"

"பாடுண்டு" என்றார் சார்.

அண்ணன் சட்டைக் கையை மடித்தார். வெள்ளைத் துணி விரித்தார். ஆறு வாரமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, புது பிரஷ் ஒன்றை உறை கிழித்து எடுத்தார். குளிக்காதவனை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, தேய்த்து, ஊதி, துடைத்து, மறுபடி தேய்த்தார். கடைசியாகத் துப்பாக்கி எண்ணெய், ஐயாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு. ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே நின்று பார்த்தோம்.

"தீவாளிக்கு ரெண்டு நாள் முன்னாடியே இவனுக்குக் கங்கா ஸ்நானம் ஆச்சு" என்றார் எங்கூட்டுக்காரர்.

மினுக்கென்று துணியில் படுத்திருந்தான். ராக்கியண்ணன் எழுந்து போய்த் தோட்டாப் பெட்டிக்கு அடியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். குழைத்தேன். குனிந்தேன். நான்கு பேர் கண்ணும் என் விரல்மேல்தான். வர்கீஸ் சாரின் கை தானாகவே விதிப் புத்தகத்தின்மேல் போனது.

கொக்கிக்கு நேராகப் போன விரலை இழுத்து, ஐயா வைத்த இடத்திலேயே, கைப்பிடியில், சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.

அங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறது.